தரை கற்றுக்கொண்ட நடை

"முதல்ல நீ நடம்மா. உன் கால் பட்டா எந்த வேலையும் நிலைச்சு நிக்கும்."

"பத்துப் பேர் நடக்கணும்னு சொல்லியிருந்தாங்களே. நம்ம பசங்க எங்க?"

"அம்பத்தூர் சைட்டுக்கு அனுப்பிட்டேன். அங்க நாளைக்கு ஒப்படைச்சாகணும். நீயே பத்து தடவை நடந்துடு சுகந்தி. தரைக்குத் தெரியவா போகுது?"

குமரகுரு அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். இரண்டு வருடம் ஓடிவிட்ட பிறகும், பஸ்ஸிலோ அடுப்படியிலோ சும்மா நிற்கும்போது அந்தச் சிரிப்பு சுகந்தியின் காதில் கேட்கும். தரைக்குத் தெரியவா போகுது.

சிறுசேரியில் ஒரு பெரிய கம்பெனியின் சர்வர் அறை அது. சிமெண்டுத் தரைக்கு மேல் முழங்கால் உயரத்துக்கு இரும்புக் கால்களை நட்டு, ரசமட்டம் பார்த்து, அதன் மேல் சதுரச் சதுரமாகப் பலகைகளைப் பொருத்துகிற வேலை. ஃபால்ஸ் ஃப்ளோரிங் என்பார்கள். பலகைக்குக் கீழே கேபிள்கள் ஓடும், குளிர்காற்று ஓடும். மேலே கம்ப்யூட்டர் அலமாரிகள் வரிசையாக நிற்கும். சுகந்தியும் குமரகுருவும் கல்யாணமான புதிதிலேயே இந்தத் தொழிலை ஆரம்பித்துவிட்டார்கள். அவன் ஆர்டர் பிடிப்பான், பேசுவான், சிரிப்பான். அவள் அளவெடுத்து, ஆட்களை வைத்து வேலையை முடிப்பாள்.

இந்தத் தரையில் ஒரு புதுமை இருந்தது. ஒவ்வொரு இரும்புக் காலின் தலையிலும் எடையை உணரும் கருவி. அலமாரிகளின் பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் எச்சரிப்பதற்கு என்றுதான் வாங்கினார்கள். மேலே ஆள் நடந்தாலும் அதற்குத் தெரியும் என்பதால், மனித நடை என்றால் என்னவென்று முதலில் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் பத்துப் பேர்.

புது வீட்டுக்குள் சுமங்கலியை முதலில் வலது கால் வைக்கச் சொல்வதைப் போல, எந்தத் தரையை முடித்தாலும் முதலில் சுகந்தியைத்தான் வெறுங்காலோடு நடக்க வைப்பான் குமரகுரு. அவளும் சந்தோஷமாகவே நடந்திருக்கிறாள், பல தரைகளில்.

அன்றைக்கு அப்படி நடக்கவில்லை.

அன்று குமரகுருவின் தங்கை ஹேமாவுக்கு வளைகாப்பு. முதல் நாள் சாயங்காலம் மாமியார் வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, "நீ நாளைக்கு அவனோட சைட்டுக்குப் போயிடேன் சுகந்தி. அவனுக்கும் ஒத்தாசையா இருக்கும்," என்றார். குரலில் கோபம் துளிகூட இல்லை. மழை வரும் போலிருக்கிறது, துணியை எடுத்துவிடு என்பதைப் போலச் சொன்னார். குழந்தை இல்லாதவள் கையால் வளையல் போடுவதை வந்தவர்கள் விரும்ப மாட்டார்கள் என்பதை வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்த குமரகுரு பிரஷ்ஷை வைக்கவும் இல்லை, நிமிரவும் இல்லை.

மறுநாள் போகிற வழியில் பைக்கை நிறுத்தி அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தான். அந்தப் பூவோடுதான் அவள் அந்தத் தரையில் பத்து தடவை நடந்தாள்.

குறை யாருக்கு என்பது இருவருக்கும் தெரியும். கல்யாணமாகி நாலாவது வருடம், சேத்துப்பட்டில் ஒரு டாக்டரம்மா இருவரையும் எதிரில் உட்கார வைத்து மெதுவாக விளக்கினார். சுகந்தியிடம் எந்தக் குறையும் இல்லை. திரும்பி வரும்போது ஜூஸ் கடையில் வாங்கிய சாத்துக்குடிச் சாற்றைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான் குமரகுரு. ரோட்டைப் பார்த்தபடி அழுதான். அவன் அழுது அவள் பார்த்தது அந்த ஒரு முறைதான். "அம்மாவுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் சுகந்தி. நானே சமயம் பாத்துச் சொல்லிடறேன்," என்றான்.

"உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க," என்றாள் அவள். உண்மையான மனதோடுதான் சொன்னாள். ஒரு முறை பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் அவள் விரல் நசுங்கியபோது, ஒரு வாரம் சோறு பிசைந்து ஊட்டியவன் அவன். அவனுக்காக ஒரு சின்னப் பழியைச் சுமப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள்.

அந்தச் சமயம் வரவே இல்லை. அவன் மறந்துவிட்டான் என்பது கூட இல்லை. பழகிவிட்டான். அத்தை வீட்டுக் கல்யாணத்தில், சித்தப்பா வீட்டுத் தொட்டில் விழாவில், யாராவது "சுகந்திக்கு இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டால், "விடுங்க, அவளை ஏன் கஷ்டப்படுத்தறீங்க," என்று பெருந்தன்மையாகச் சொல்லுமளவுக்குப் பழகிவிட்டான். கேட்டவர்கள் அவனைப் போலக் கணவன் கிடைக்க அவள் கொடுத்துவைத்தவள் என்று பேசிக்கொண்டார்கள்.

உங்க அம்மாகிட்டச் சொல்லுங்க என்ற மூன்றே வார்த்தைகள் அவள் தொண்டையில் நின்றன. பலமுறை நாக்கு வரைக்கும் வந்தன. ஒவ்வொரு முறையும் அந்த ஜூஸ் கடையில் அழுத முகம் ஞாபகத்துக்கு வந்து வார்த்தைகளை உள்ளே தள்ளிவிடும்.

சர்வர் அறைத் தரை நன்றாக வேலை செய்தது. அது நடப்பவரை அடையாளம் கண்டுகொள்வதைப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்காரர்களுக்கு ஆசை வந்தது. மூன்று மாடிகளிலும் அதே தரையைப் போடச் சொன்னார்கள். குமரகுரு அதுவரை பார்க்காத ஆர்டர் அது. புதுக் கார் வாங்கினான். மாமியார் அந்தக் காரின் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்.

பிறகு ஒரு நாள் ஆபீசுக்கு ஃபோன் வந்தது. சுகந்திதான் எடுத்தாள்.

"மேடம், என் பேரு ஃபைசல். சிறுசேரிலேருந்து பேசறேன். தரையோட ரீடிங் எல்லாம் நான்தான் பாக்கறேன். புதுசா சேர்ந்தவன். நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வர முடியுமா?"

"பலகை எதுவும் ஆடுதா தம்பி?"

"பலகையெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றான். பிறகு, "நேர்ல வாங்க அக்கா," என்றான்.

மேடம் அக்காவானதிலேயே விஷயம் நல்லதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சிறுசேரி ஆபீசின் வரவேற்பறையில் ஒரு பெண்ணின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஆன்சி, நிலைத்த மனம் விருது என்று கீழே எழுதியிருந்தது. குமரகுரு அங்கேயே ஃபோன் பேச நின்றுவிட்டான். சுகந்தி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். என்னவோ சரியில்லை என்று பட்டது. யாரும் வேகமாக நடக்கவில்லை. யாரும் ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொண்டு போகவில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன்கள்கூடக் குதிகாலை மெதுவாக வைத்து, எடையைக் கொஞ்சம் தாமதித்து அடுத்த காலுக்கு மாற்றி, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதைப் போல நடந்தார்கள். அந்த நடையை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று யோசித்தபடியே சுகந்தி அடுத்த கண்ணாடிச் சுவரை நோக்கி நடந்தாள். அதில் அவளுடைய உருவம் எதிரே வந்தது. அவள் நின்றுவிட்டாள்.

அது அவளுடைய நடை. வீட்டில் மாமியார் படுத்திருக்கும் அறையைத் தாண்டும்போது அவள் நடக்கிற நடை.

ஃபைசல் அவளை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தான். மெலிந்த பையன். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"ஒரு ஆளோட நடைல எடை, உயரம் ரெண்டையும் கழிச்சுட்டா மிச்சம் இருக்கறது தாளம் அக்கா. மனசு சரியில்லைன்னா அந்தத் தாளம் மாறும். யாராவது வேலையை விடப் போறாங்களா, உடம்பு முடியலையா, மனசொடிஞ்சு இருக்காங்களான்னு முன்னாடியே தெரிஞ்சா உதவலாமேன்னு மேனேஜ்மெண்ட்ல ஆரம்பிச்சாங்க."

"நல்ல விஷயம்தானே."

"நல்ல விஷயம்தான். ஆனா சரியான நடை எதுன்னு தரைக்குத் தெரியணும்ல? சர்வர் ரூம்ல முதல்ல பதிவானதையே மூணு மாடிக்கும் வச்சுட்டாங்க. அதுதான் பூஜ்யம். அதுலேருந்து விலகினா சிவப்பு. ஒவ்வொருத்தருக்கும் தனியா எடுங்கன்னு எனக்கு முன்னாடி இருந்தவர் சொல்லியிருக்கார். செலவாகும்னு விட்டுட்டாங்க."

"சரி."

"கணக்குப் பிரிவுல ஒருத்தருக்குக் குழந்தை பிறந்துச்சு. மறுநாள் அவர் நடந்த நடைக்குச் சிவப்பு. கூப்பிட்டு விசாரிச்சாங்க. ஒரு பொண்ணுக்கு நிச்சயமாச்சு, அவளுக்கும் சிவப்பு. ஆலோசனைக்கு அனுப்பிட்டாங்க. அங்க போய், நான் சந்தோஷமா இருக்கேன்னு நிரூபிச்சுட்டு வர வேண்டியதாப் போச்சு. அப்புறம் எல்லாரும் கத்துக்கிட்டாங்க. எப்படி நடந்தா கூப்பிட மாட்டாங்கன்னு."

சுகந்தியின் டீ ஆறி ஆடை கட்டியது.

"ஆன்சின்னு ஒருத்தங்க," என்றான் ஃபைசல். "அவங்க நடை எப்பவும் பூஜ்யத்து மேலேயே போகும். இம்மி விலகாது. ஆபீஸ்லயே மனசு நிலையான ஆள்னு விருது கொடுத்தாங்க. போன வாரம் அவங்க தங்கியிருக்கற விடுதில உயிரை விடப் பாத்திருக்காங்க. நல்லவேளை, பக்கத்து ரூம் பொண்ணு கதவைத் தட்டியிருக்கா."

"உயிர் இருக்குல்ல?"

"இருக்கு. அதுக்கப்புறம்தான் நான் பழைய பதிவைத் தோண்டிப் பாத்தேன். பத்துப் பேர் நடந்ததா இருக்கு. ஆனா பத்தும் ஒரே ஆளோட கால்." அவன் அவளைப் பார்க்காமல் கேட்டான். "அன்னைக்கு யார் அக்கா நடந்தாங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் குமரகுரு ஃபோனை முடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.

மறுநாள் சுகந்தி தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆன்சி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த அவளுடைய அம்மா ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கப் போனார்.

"யாருக்கா நீங்க?"

"உங்க ஆபீஸ் தரையைப் போட்டவ."

ஆன்சிக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "நல்ல தரைதான்."

"ஏம்மா இப்படிப் பண்ணே?"

"எல்லாரும் அதைத்தான் கேக்காங்க," என்றாள் அவள். "ஒருத்தன் வேண்டாம்னு போயிட்டான். அது கெடக்கட்டும், அதுக்காக மட்டும் இல்ல. வீட்டுல சொல்ல முடியல. கூட வேலை செய்றவங்ககிட்டயும் சொல்ல முடியல. அப்ப இந்தத் தரை வந்துச்சு. சரி, இதுக்காவது தெரியும், நம்மள யாராவது கூப்பிட்டு என்ன பிள்ளேன்னு கேப்பாங்கன்னு நெனச்சேன். தெனமும் அதுக்காகவே நடந்தேன் அக்கா. எல்லாரையும் கூப்பிட்டாங்க. சிரிச்சவனையெல்லாம் கூப்பிட்டாங்க. என்னையக் கூப்பிட்டு மாலை போட்டாங்க."

சுகந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தாள். அம்மா காபியோடு வந்துவிட்டார்.

விசாரணை வெள்ளிக்கிழமை நடந்தது. அதைச் சர்வர் அறையிலேயே வைத்துக்கொண்டார்கள். தரையின் கருவிகள் கெட்டுவிட்டனவா, முதன்முதலில் அதில் நடந்தவர் நடையில்தான் கோளாறா என்று பார்த்துவிட வேண்டும். கருவி கெட்டிருந்தால் மூன்று மாடித் தரையையும் பெயர்த்தெடுக்க வேண்டும். அப்படி நடந்தால் தொழிலே போய்விடும் என்று காரில் வரும் வழியெல்லாம் குமரகுரு சொல்லிக்கொண்டு வந்தான். "நீ எதுவும் பேசாதே, நான் பாத்துக்கறேன்."

மனிதவள அதிகாரி வைஜெயந்தி அம்மாள் கதவோரம் நின்றார். ஐம்பதைத் தாண்டியவர். கம்பளிச் சால்வையைப் போர்த்தியிருந்தார். அறை அவ்வளவு குளிராக இருந்தது.

"மிஸ்டர் குமரகுரு, பத்துப் பேருக்குப் பதிலா ஒருத்தர் நடந்திருக்காங்க. யார் எடுத்த முடிவு இது?"

குமரகுரு ஒரு கணம் தயங்கினான். அந்த ஒரு கணத்தில் சுகந்தி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவான் என்று நம்பினாள். இவ்வளவு வருடம் கழித்தும் நம்பினாள்.

"அது வந்து மேடம், இவளுக்கு ஒரு சென்டிமென்ட். எந்தத் தரையா இருந்தாலும் தான்தான் முதல்ல நடக்கணும்பா. பொம்பளைங்க ஆசை. நான்தான் கண்டிச்சிருக்கணும், விட்டுட்டேன்."

கண்டிச்சிருக்கணும். அவன் குரலில் இருந்த அந்தப் பெருந்தன்மையைச் சுகந்திக்கு நன்றாகத் தெரியும். அத்தை வீட்டுக் கல்யாணத்தில் கேட்ட அதே குரல்.

வைஜெயந்தி அம்மாள் சுகந்தியைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

சுகந்தி குனிந்து பலகையைப் பார்த்தாள்.

"சரி, நடந்து காட்டுங்க."

அவள் செருப்பைக் கழற்றினாள். பலகை ஐஸாகச் சில்லிட்டது. அலமாரிகளுக்கு நடுவே இருந்த வழியில் அந்தக் கோடி வரை போய்த் திரும்பினாள். ஃபைசல் மேஜை மேலிருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை அக்கா. சாதாரணமா நடங்க."

நடந்தாள்.

"ஏதாவது நல்ல விஷயத்தை நினைச்சுக்கிட்டு நடந்து பாருங்களேன்."

நல்ல விஷயம். அவள் தேடினாள். நசுங்கிய விரலும், பிசைந்து ஊட்டிய தயிர்சாதமும் நினைவுக்கு வந்தன. அதை நினைத்துக்கொண்டு நடந்தாள்.

ஃபைசல் திரையை மற்றவர்கள் பக்கம் திருப்பினான். இரண்டு வருடத்துக்கு முந்தைய கோடு மஞ்சளில் இருந்தது. இன்றைய கோடு பச்சையில். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்திருந்ததில் மஞ்சளே தெரியவில்லை.

"அச்சு அசல் மேடம்," என்றான். "கருவியில ஒண்ணும் இல்லை. ரெண்டு வருஷமா இவங்க நடை மாறவே இல்லை. அன்னைக்கு ஏதோ கஷ்டத்துல இருந்திருப்பாங்கன்னு நினைச்சேன். இல்லை. இதுதான் இவங்க."

"அப்போ குறை தரையில இல்லை," என்றார் வைஜெயந்தி அம்மாள். "இவங்ககிட்டதான்."

குமரகுரு மூச்சை விட்டான். நிம்மதி அவன் தோள்களிலேயே தெரிந்தது. "ரொம்ப தேங்க்ஸ் மேடம். அப்படியே போட்டுடுங்க. குறை இவகிட்டதான்னே போட்டுடுங்க. எங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லை." அவள் பக்கம் திரும்பி, வீட்டில் சமாதானம் சொல்வதைப் போல, "பரவாயில்லை விடும்மா, போற வழியில பூ வாங்கிக்கலாம்," என்றான்.

சுகந்தி அறையின் அந்தக் கோடியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் அவள் கையால் மட்டம் பார்த்துப் போட்ட பலகைகள். மேல் மாடிகளில் தலையைக் குனிந்தபடி நூற்றுக்கணக்கான பேர் அவளுடைய பொறுமையை நடந்துகொண்டிருந்தார்கள். அவளுடைய பொறுமைக்குக் கிடைத்த மாலையைப் போட்டுக்கொண்டு ஒரு சின்னப் பெண் வரவேற்பறைப் படத்தில் தொங்கினாள். இத்தனை நாளும் அதைத் தன்னோடு முடிகிற பாரம் என்று அவள் நினைத்திருந்தாள்.

அந்த ஜூஸ் கடை முகத்தைத் தேடினாள். இந்தத் தடவை அது வரவில்லை. ஷூவுக்குப் பாலீஷ் போடும் முகம்தான் வந்தது.

அவள் நடக்க ஆரம்பித்தாள்.

"அக்கா," என்றான் ஃபைசல், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "மாறுது அக்கா. அப்படியே வாங்க. மேடம், இங்க பாருங்க, பச்சை விலகுது. எங்கேயோ போகுது. இதைப் பதிவு பண்ணிக்கட்டுமா?"

சுகந்தி குமரகுருவுக்கு முன்னால் வந்து நின்றாள். அவன் சட்டைப் பையிலிருந்த ஃபோனை, முன்பெல்லாம் வேர்வை துடைக்கக் கைக்குட்டையை எடுப்பாளே, அவ்வளவு உரிமையோடு எடுத்தாள். எடுத்து அவன் கையிலேயே வைத்தாள்.

"என்ன சுகந்தி இது? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுங்க," என்றாள். குரல் உயரவில்லை. "பத்துப் பேருக்குப் பதிலா என்னை நடக்கச் சொன்னது நீங்கதான்னு இவங்ககிட்டச் சொல்லுங்க. சொல்லிட்டு உங்க அம்மாவுக்கு ஃபோன் போடுங்க. போட்டு, சேத்துப்பட்டு டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு, குறை யாருக்குன்னு, என் முன்னாலயே சொல்லுங்க."